‘முன்னர்’ என்றொரு காட்சி: தோற்றத்தை மாற்றும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பார்ப்போர் கருத்தும்

 

ஒருவரது உடை, சிகை, முகத்தோற்றம் ஆகியவற்றை மாற்றியமைத்து, முன்னர் இப்படி இருந்தவர் பின்னர் இப்படி ஆனார் என்று காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் உலகெங்கும் பெருகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் மின்விநியோகமே இருக்கவில்லை. ஆகையால் இங்குள்ள பலருக்குத் தொலைக்காட்சியும் செய்மதி அலைவரிசைகளும் கைத்தொலைபேசியும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் வந்து சேர்ந்தன. இன்று அந்நிகழ்ச்சிகள் அரை நிமிடக் காட்சிகளாகச் சுருங்கிக் கைத்தொலைபேசித் திரையில் வருகின்றன. வவுனியா பட்டாணிச்சூரில் இருக்கும் பிள்ளையும், முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் இருக்கும் பிள்ளையும், இலண்டனில் இருக்கும் பிள்ளையும் பார்ப்பது ஒன்றையேதான்.

இவற்றைப் பற்றி நமது வீடுகளில் கேட்கக்கூடிய கருத்துக்கள் மூன்று. ‘இது வீண் ஆடம்பரம், நிறுத்துங்கள்’ என்பார் தந்தை. ‘துப்புரவாக, அழகாக உடுப்பதைத்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள், இதிலென்ன குற்றம்?’ என்பார் தாய். ‘இது சும்மா ஒரு பொழுதுபோக்கு, இதைப் பார்த்து யாரும் கெட்டுப்போவதில்லை’ என்பாள் மகள். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் மூவருமே அந்நிகழ்ச்சியின் பிற்பகுதியைப் பார்த்துத்தான் பேசுகின்றனர். கவனிக்க வேண்டிய பகுதி முற்பகுதியிலேயே இருக்கிறது.

இவ்வகை நிகழ்ச்சிகளில் பெயர்பெற்றது ‘வட் நொட் டு வெயார்’ என்பதாகும். ‘எதை உடுக்கக் கூடாது’ என்பது அதன் பொருள். 2001 இல் பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சியில் ஆரம்பமான இந்நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவம், டிஎல்சி அலைவரிசையில் 2003 முதல் 2013 வரை ஒளிபரப்பானது. அமெரிக்க நிகழ்ச்சியின் முறை இது: ஒரு பெண்ணின் தோழியரோ குடும்பத்தினரோ ‘இவளுக்கு உடுக்கத் தெரியவில்லை’ என்று அவளது பெயரை நிகழ்ச்சிக்குக் கொடுப்பார்கள். அவளறியாமல் சுமார் இரண்டு வாரங்கள் அவளைப் படம்பிடிப்பார்கள். பின்பு ஒருநாள் திடீரென அவள்முன் தோன்றி, 5,000 டொலர் தருவதாகச் சொல்வார்கள். ஒரு டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால் அது 15 இலட்சம் ரூபா. அதற்கு ஈடாக அவள் தனது பழைய உடுப்புகள் அனைத்தையும் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாப் பக்கமும் கண்ணாடி பதித்த சிறு அறையில் அவளை நிறுத்தி, அவளது உடலின் குறைகளை எடுத்துச் சொல்வார்கள். அவளது உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்காட்டிக் கேலி செய்து, குப்பைத்தொட்டியில் எறிவார்கள். அதன் பின்னரே கடைகளும் சிகையலங்காரமும் முகப்பூச்சும் வரும். முடிவில் புதுத் தோற்றத்தோடு வரும் அவளைக் கண்டு உறவினர் கைதட்டுவார்கள்.

உடையோடு நில்லாத நிகழ்ச்சிகளும் வந்தன. அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சி 2002 இல் ஆரம்பித்த ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்’ நிகழ்ச்சியில் சத்திரசிகிச்சை மூலம் மூக்கும் முகவாயும் பற்களும் மாற்றப்பட்டன. 2004 இல் பொக்ஸ் தொலைக்காட்சி ‘த ஸ்வான்’ என்ற நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. அதில் பெண்கள் மாதக்கணக்கில் முகக்கண்ணாடியே பார்க்க விடப்படாமல் சிகிச்சைக்குள்ளாக்கப்பட்டனர். இறுதியில் அவர்களுக்குள்ளேயே அழகுராணிப் போட்டியும் நடாத்தப்பட்டது. இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பார்ப்போர் இவற்றை எப்படி எடுத்துக்கொண்டனர்? ஊடக ஆய்வாளரான கதரின் செண்டர், இத்தகைய நான்கு நிகழ்ச்சிகளின் நேயர்களிடம் கருத்துக் கேட்டு எழுதிய ‘த மேக்ஓவர்’ எனும் நூல் 2012 இல் வெளியானது. பார்ப்போர் ஏமாளிகள் அல்லர் என்பது அதிலிருந்து நாம் அறியும் முதற் செய்தி. இது பொருள் விற்கும் தந்திரம் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பங்குபற்றுவோரை அவமானப்படுத்தும் முறையைப் பலர் குறைகூறினர். கொஞ்சம் வெட்கப்பட்டால்தான் ஒருவர் திருந்துவார் என்று நியாயம் சொன்னவர்களும் இருந்தனர். ஆயினும் இறுதியில் வடிக்கப்படும் கண்ணீர் உண்மையானது என்றே அநேகர் நம்பினர். பிள்ளைகளுக்காக உழைத்துக் களைத்து, தன்னைக் கவனிக்க மறந்துபோன ஒரு தாயைச் சிலர் கூடி உட்காரவைத்து, நீயும் முக்கியமானவள் என்று சொல்வது அவர்களது மனதைத் தொட்டது.

இதை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. வன்னியில் கணவனை இழந்து தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எத்தனை பேர்! தையல் மெஷினின் முன்னும் வயலிலும் கடையிலும் ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒரு தாய், திரையில் தன்னைப் போன்ற ஒருத்தி கவனிக்கப்படுவதைக் கண்டு கண்கலங்கினால், அவள் அங்கே காண்பது உடுப்பையன்று, தனக்குக் கிடைக்காத கவனிப்பையே.

அழகை விரும்புவது மார்க்கத்துக்கு முரணானதா? உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவர் சுவர்க்கம் நுழையார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, ஒரு மனிதர் இதே ஐயத்தைத்தான் எழுப்பினார். தனது ஆடை அழகாக இருக்க வேண்டும், தனது பாதணி அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவாரே, அதுவும் பெருமையா என்று வினவினார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று கூறிய நபியவர்கள், சத்தியத்தை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதுமே பெருமை என விளக்கினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான இந்நபிமொழியின் முற்பாதியை நாம் அடிக்கடி கேட்கிறோம். பிற்பாதியை ஏனோ குறைவாகவே கேட்கிறோம். கேள்வி ஆடையைப் பற்றியது. விடையோ மனிதரை இழிவாகக் கருதுவதில் போய் முடிகிறது. அழகாக உடுப்பதில் குற்றமில்லை. அதற்காக ஒரு மனிதரை நிறுத்திவைத்துச் சிறுமைப்படுத்துவதே குற்றம். கண்ணாடி அறையில் நடப்பது அதுவேயாகும்.

தோற்றத்தைப் பற்றி நபியவர்கள் பேசியதே இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். தலைமுடி கலைந்திருந்த ஒருவரைக் கண்டபோது, முடியைப் படிய வைக்க இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். அழுக்காடை அணிந்திருந்த ஒருவரைக் கண்டபோது, ஆடையைக் கழுவ இவருக்கு நீர் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். இது ஜாபிர் (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சீப்பினாலும் நீரினாலும் சரிசெய்யக்கூடியவை பற்றி மட்டுமே அங்கு பேசப்பட்டது. மூக்கைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ உயரத்தைப் பற்றியோ அன்று. உயரத்தைப் பற்றி வீட்டிற்குள்ளேயே ஒரு பேச்சு எழுந்தபோது நடந்தது வேறு. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள், அன்னை ஸபிய்யா (ரழி) அவர்கள் குட்டையானவர் என்ற கருத்துப்பட ஒரு சொல் சொன்னார்கள். கடல்நீரோடு கலந்தால் அதனையே மாற்றிவிடக்கூடிய ஒரு சொல்லைச் சொல்லிவிட்டீர் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். மிக நேசத்துக்குரியவர், வீட்டுக்குள், ஒரே ஒரு சொல் சொன்னதற்கு இக்கண்டனம் என்றால், கமெராக்களின் முன் ஒரு மணிநேரம் சொல்லப்படும் சொற்களுக்கு என்ன சொல்வது?

(சத்திரசிகிச்சை அனைத்துமே கூடாதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. போரொன்றில் மூக்கை இழந்த அர்பஜா என்ற தோழர் வெள்ளியால் மூக்குப் பொருத்தி, அது துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபியவர்களே கூறியுள்ளார்கள். கண்ணிவெடியில் காலிழந்தவர் செயற்கைக்கால் பொருத்துவதும், எறிகணைக் காயத்தின் தழும்பைச் சீர்செய்வதும் இவ்வகையைச் சார்ந்தவை. குறையொன்றும் இல்லாத மூக்கை நடிகையின் மூக்காக்குவது இதில் அடங்காது.)

குப்பைத்தொட்டிக் காட்சிக்கு மீண்டும் வருவோம். நமது பிரதேசத்தவர் அதை மற்றவர் பார்ப்பது போலப் பார்க்க இயலாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலிருந்தும் நீராவிப்பிட்டியிலிருந்தும் கிளிநொச்சியின் நாச்சிக்குடாவிலிருந்தும் புறப்பட்டோர் பெரும்பாலும் உடுத்த உடையோடுதான் சென்றனர். புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் மாற்றுடுப்பு இன்றி, ஒன்றையே கழுவிக் காயவைத்து உடுத்தவர்கள் இன்றைய இளைஞரின் உம்மம்மாமாரே. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களுக்கு வந்து சேர்ந்த இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான தமிழ் மக்களின் நிலையும் அவ்வாறே இருந்தது. பழைய சாறியொன்றைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் முதியவள், ‘பாஷன்’ தெரியாததால் அதை வைத்திருக்கவில்லை. நிகழ்ச்சி நடாத்துவோர் ஒரு பழைய உடுப்பைத் தூக்கிக்காட்டிச் சிரிக்கும்போது, அது யார் கொடுத்தது, எந்த நாளில் அணிந்தது என்று அவர்கள் கேட்பதே இல்லை.

இனி, நம்மை நோக்கியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மேலைநாட்டு நிகழ்ச்சி என்று நாம் குறைகூறும் இதனை நமது வீடுகளிலேயே நாம் நடாத்துவதில்லையா? பெண் பார்க்கும் படலத்தை எண்ணிப் பாருங்கள். மணம்பேசும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு மாப்பிள்ளைக்கு நபியவர்கள் வழிகாட்டியது, இருவருக்கிடையே இணக்கம் உண்டாகும் என்பதற்காக. அவனது சாச்சிமாரும் மாமிமாரும் மச்சிமாரும் கூட்டமாக வந்திருந்து, நிறம் காணாது, உயரம் காணாது, பல் கொஞ்சம் முன்னால் நிற்கிறது என்று தீர்ப்பளிப்பதற்காக அன்று. வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவர். அந்தச் சொற்கள் அந்தப் பிள்ளையோடு தங்கிவிடும். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும் ஸூரத்துல் ஹுஜுராத் விலக்கியிருக்க, ‘கறுப்பி’ என்றும் ‘குண்டன்’ என்றும் செல்லமாக அழைக்கிறோம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

இச்சொற்கள் வீட்டில் விதைத்ததை விளம்பரங்கள் அறுவடை செய்தன. இந்தியாவில் 1975 இல் சந்தைக்கு வந்த ‘பெயார் அண்ட் லவ்லி’ களிம்பின் விளம்பரங்கள் நமது நாட்டிலும் ஓடின. அவையும் ‘முன்னர் – பின்னர்’ கதைகளே. முன்னர் கருமையான முகம், தொழில் இல்லை, வரன் இல்லை; பின்னர் வெளுத்த முகம், எல்லாம் கைகூடும். உலகெங்கும் கண்டனம் எழவே, 2020 இல் அக்கம்பனி ‘பெயார்’ என்ற சொல்லை நீக்கி, ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறியது, வெளுப்பாக வேண்டும் என்ற ஆசை மாறவில்லை. அந்த ஆசையைப் பயன்படுத்தி, தயாரித்தவர் பெயரோ சேர்மானங்களோ குறிப்பிடப்படாத வெளுப்பூட்டும் களிம்புகள் பல நாடுகளின் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுகின்றன. இவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சேர்க்கப்பட்ட அழகுசாதனங்களை மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை தடைசெய்கிறது. பாதரசம் தோலின் நிறத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் அது தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும்; கர்ப்பிணித் தாயிடமிருந்து குழந்தையையும் சென்றடையும். உங்கள் மகள் இத்தகைய களிம்பொன்றைப் பாவிக்கிறாள் என அறிந்தால், ஏசாதீர்கள். ஏசினால் ஒளித்துவைத்துப் பூசுவாள். அந்தக் குப்பியோடு அவளை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

செலவைப் பற்றியும் சிறிது. 15 இலட்சத்தைப் பிறர் கையில் கொடுத்து உடுப்பு வாங்கச் சொல்லும் நிகழ்ச்சி, அப்பணம் எங்கிருந்து வரும் என்று காட்டுவதில்லை. நுண்கடன் சுமையால் பெண்கள் படும் துன்பத்தை வன்னி நன்கறியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களது நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. பெருநாள் உடுப்புக்காகத் தவணைக் கடன் எடுப்பது நமக்குப் புதிதன்று என்பதைச் சொல்லி, இதை இத்தோடு விடுகிறேன்.

இளைஞர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறேன். நபியவர்களது தோழர்களில் ஸாஹிர் (ரழி) என்ற கிராமவாசி இருந்தார். தோற்றப்பொலிவு இல்லாதவர் என்று அறிவிப்பாளரே குறிப்பிடுகிறார். சந்தையில் தமது பொருட்களை விற்றுக்கொண்டிருந்த அவரை நபியவர்கள் பின்னால் வந்து கட்டியணைத்து, ‘இவரை யார் வாங்குவீர்?’ என்ற பொருள்பட விளையாட்டாகக் கூவினார்கள். தன்னை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள் என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடத்தில் நீர் விலையற்றவர் அல்லர் என்றார்கள் நபியவர்கள். திர்மிதியின் ஷமாஇல் கிரந்தத்தில் இது இடம்பெற்றுள்ளது. தனது தோற்றத்தைப் பற்றிய தாழ்வெண்ணம் ஒருவரிடமிருந்து வெளிப்பட்டபோது, அவரது உடையை மாற்றும்படி அங்கே யாரும் சொல்லவில்லை.

பெற்றோர்கள் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவதால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. கைத்தொலைபேசி பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. ஒருமுறையேனும் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். அந்த ‘முன்னர்’ காட்சி வரும்போது நிறுத்தி, ‘இவரில் என்ன குறை காண்கிறாய்?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் விடையில், அது தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே வெளிப்படும். ஆண்பிள்ளைகளிடமும் கேளுங்கள். உடற்பயிற்சி நிலையத்துக் காட்சிகளைப் பார்த்துத் தமது மெலிந்த கைகளை வெறுக்கும் இளைஞர்களும் நம்மிடையே இருக்கின்றனர்.

இந்நிகழ்ச்சிகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்’ நிகழ்ச்சிக்குத் தெரிவான ஒரு பெண் சார்பில் 2005 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கொன்று தொடரப்பட்டது. அவளது தோற்றத்தைக் குறைகூறும்படி குடும்பத்தவர் கமெரா முன் தூண்டப்பட்டனர் என்றும், பின்னர் சிகிச்சையே செய்யாமல் அவள் திருப்பியனுப்பப்பட்டாள் என்றும் அதில் முறையிடப்பட்டது. சொன்னவர்களும் கேட்டவளும் அதன்பின் ஒரே குடும்பத்தில் வாழ வேண்டியிருந்தது.

2025 இல் ஒரு புதுமை நடந்தது. ‘எதை உடுக்கக் கூடாது’ எனப் பத்தாண்டுகள் கட்டளையிட்ட அதே அமெரிக்கத் தொகுப்பாளர் இருவரும், ஸ்டேசி லண்டனும் கிளின்டன் கெலியும், அமேசான் பிரைமில் புதிய நிகழ்ச்சியொன்றோடு வந்தனர். விரும்பியதை உடுத்துங்கள் என்பதே அதன் தலைப்பின் பொருள். பிறருக்குக் கட்டளையிடும் பழைய முறையை அவர்கள் கைவிட்டுவிட்டனர். ஒரேயடியாக மறுபுறம் சாய்ந்துவிட்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. விரும்பியதெல்லாம் உடுக்கலாம் என்பதை நாம் ஏற்பதில்லை. ஆனாலும் கண்ணாடி அறையும் குப்பைத்தொட்டியும் சரியல்ல என்பதை அவற்றை நடாத்தியவர்களே உணர்ந்திருக்கின்றனர். உங்கள் பிள்ளைகள் இரண்டின் துண்டுக் காட்சிகளையும் பார்த்திருக்கக்கூடும். எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று இன்று அஸருக்குப் பின் கேட்டுப் பாருங்கள். மஃரிபு பாங்கு வரையில் பேசுவதற்குப் போதிய விடயம் அதில் இருக்கிறது.